சும்மா இருந்த தவலை ஏன் வெடிக்கிறது? பித்தளைச் சாமான் பழுது, அறிகுறி வாரியாக

பூட்டிக் கிடந்த வீட்டைப் பிள்ளையார் நோன்புக்குத் திறக்கிறீர்கள். இரண்டாங்கட்டு அறையில் கவிழ்த்து அடுக்கிய தவலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கும்போது ஒன்றின் கழுத்தில் மயிரிழை போல ஒரு கோடு. நகத்தால் இழுத்தால் தட்டுகிறது. தண்ணீர் ஊற்றினால் கசிகிறது. யாரும் கீழே போடவில்லை. ஒடுக்கும் இல்லை. போன வருஷம் நன்றாகத்தான் இருந்தது.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் சீர் சாமான் வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி வரும் பழுது இதுதான். இதையும், இதோடு ஒட்டி வரும் ஒடுக்கு, ஒழுக்கு, மூடி சேராமை, ஈயம் (உள்ளே பூசும் வெள்ளீயம்) பிடிக்காமை ஆகியவற்றையும் அறிகுறியைப் பார்த்து எப்படிப் பிரிப்பது, எந்த வரிசையில் சரி செய்வது என்று கீழே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே குணம்: பித்தளை அடி வாங்க வாங்க இறுகும், சூடு கண்டால் இளகும். பாத்திரத்தைச் சுத்தியலால் கெடுத்தவர்களில் பெரும்பாலோர் சூடு காட்ட மறந்தவர்கள். மிச்சப் பேர் அதிகமாகக் காட்டியவர்கள்.

கை வைப்பதற்கு முன் மூன்று சோதனை

காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பின் மேல் பூச்சு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வாங்கப் போகும்போதும் சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும்.

அடுத்து, தகடா வார்ப்பா? தவலை, குடம், அண்டா, தூக்கு எல்லாம் தகட்டை அடித்தோ இழுத்தோ செய்தவை. சுவர் மெல்லிசாக, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். குத்துவிளக்கும் கனமான உருளியும் வார்ப்பு. தகட்டுப் பித்தளையில் செம்பு 63 முதல் 70 பங்கு, மீதி துத்தநாகம். அது குளிர்ந்த நிலையில் அடிக்கு வளைந்து கொடுக்கும். வார்ப்பில் செம்பு குறைவு, காரீயமும் கலந்திருக்கலாம். சூட்டில் அடித்தால் பிட்டுப் போல உதிரும். உருளி வெண்கலமாக இருந்தால் அது வேறு உலோகம். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. சூட்டிலும் சரி, குளிரிலும் சரி, அதில் வீட்டுச் சுத்தியல் படக் கூடாது. இங்கே சொல்லும் காய்ச்சும் வேலை எல்லாம் தகட்டுப் பித்தளைக்கு மட்டும்.

மூன்றாவது, தட்டிப் பார்ப்பது. வாயைக் கயிற்றில் தொங்கவிட்டு விரல் முட்டியால் சுற்றிலும் தட்டுங்கள். நல்ல பாத்திரம் ‘ணங்’ என்று நீட்டி ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ஒலி பாதியில் செத்துவிடும், அல்லது ஒரு கரகரப்பு சேரும். சந்தேகம் என்றால் மண்ணெண்ணெய்ச் சோதனை: வெளிப்பக்கம் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசிக் காயவிட்டு, உள்பக்கம் துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் தடவுங்கள். ஒரு மணி நேரத்தில் விரிசல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சுண்ணாம்பில் ஈரக்கோடாக எழுதிக் காட்டிவிடும். கோட்டின் இரண்டு முனையையும் பென்சிலால் குறித்து வையுங்கள். பின்னால் வேண்டும்.

அறிகுறி: அடிபடாமலே கழுத்திலோ வாய்ப்பக்கமோ வெடிப்பு

விரிசல் பெரும்பாலும் செங்குத்தாக, வாய் விளிம்பிலிருந்து கழுத்து நோக்கி இறங்கும். சில சமயம் வேர் போலக் கிளை விடும். ஓரங்கள் மடங்கியிருக்காது, கண்ணாடியில் கீறல் விழுந்த மாதிரி சுத்தமாக இருக்கும். பக்கத்தில் பச்சைக் களிம்போ கறுப்போ படிந்திருக்கும்.

இதற்கு மூன்று பேர் கூட்டுச் சேர வேண்டும். ஒன்று, செய்யும்போது கழுத்தைச் சுருக்கி அடித்ததில் தகட்டுக்குள் தங்கிவிட்ட இறுக்கம். இரண்டு, ஈரம். மூன்று, அம்மோனியா. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் வெடிப்பு வராது. பூட்டிய வீட்டில் அம்மோனியா எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். உத்தரத்தில் வௌவால் இருக்கிறதா என்று பாருங்கள். வௌவால் எச்சமும் சிறுநீரும் மக்கும்போது அம்மோனியா கிளம்பும். கொல்லைப் பக்கம் மாட்டுக் கொட்டில் இருந்தால் அங்கிருந்தும் வரும். விசேஷத்துக்கு முன் சாமான் அறையில் கோமியம் தெளித்து அப்படியே கதவைச் சாத்திவிட்டுப் போவதும் அதே கணக்குத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் தானாக வந்துவிடுகிறது. நோன்பு திருக்கார்த்திகை கழிந்து 21-ஆம் நாள். ஆகவே வெடித்த தவலை கண்ணில் படுவதும் சரியாக அந்தச் சமயத்தில்தான்.

இந்தக் காரணம் முதலில் பிடிபட்டது சமையல் பாத்திரத்தில் அல்ல, துப்பாக்கித் தோட்டாவில். பிரிட்டிஷ் படை இந்தியாவில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் மழைக்காலத்தில் கழுத்தில் வெடித்தன. குதிரை மூத்திரத்து அம்மோனியாவும் மழை ஈரமும் கழுத்தைச் சுருக்கிய இறுக்கமும் சேர்ந்த வேலை அது. பருவம் பார்த்து வருவதால் பருவ விரிசல் என்றே பெயர். அம்மோனியாதான் காரணம் என்று மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் 1921-இல் எழுதி நிறுவினார்கள். தோட்டாக் கூடு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். நம் தவலைத் தகட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. சுட்ட கூட்டைத் திரும்ப அளவுக்குக் கொண்டுவருகிறவர்கள் இன்றைக்கும் கழுத்தை மட்டும் காய்ச்சி இளக்குவார்கள், அடிப்பக்கம் சூடு ஏறவிடமாட்டார்கள். தவலைக்கும் இதே நியாயம்: கழுத்து இளகலாம், பாரம் தாங்கும் அடி இளகக் கூடாது.

சரி செய்யும் வரிசை முக்கியம். பலர் முதலில் பற்றவைக்கக் கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே இறுக்கம் இருக்கும்போதே பற்றவைத்தால் பற்றின இடத்துக்கு இரண்டு விரல் தள்ளி அடுத்த மழைக்கு இன்னொன்று வெடிக்கும்.

முதலில் நன்றாகக் கழுவி, நடு வெயிலில் உலர்த்துங்கள். அடுத்தது இறுக்கம் தளர்த்தல். இதற்குப் பழுக்கக் காய்ச்ச வேண்டியதில்லை. 250 முதல் 300 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் போதும். சின்னச் சொம்பு என்றால் வீட்டு மின் அடுப்புப் பெட்டியில் 250-இல் வைக்கலாம். தவலைக்கு நீறு பூத்த கரி வேண்டும்: கரியைப் பரப்பி மேலே சாம்பல் தூவி, நான்கு செங்கல் மேல் தவலையைக் கவிழ்த்து, பழைய தகரத்தால் மூடுங்கள். சூடு தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அலுமினியத் தாளில் சின்னக் கிண்ணம் போல மடித்து, ஒன்றில் மிளகளவு சுத்த வெள்ளீயம், இன்னொன்றில் மிளகளவு காரீயம் வைத்துத் தவலையின் மேல் உட்கார்த்துங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327-இல். வெள்ளீயம் உருகிப் பாதரசம் போல மினுங்க, காரீயம் அசையாமல் இருந்தால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். காரீயமும் உருகத் தொடங்கினால் கரியைக் கொஞ்சம் இழுத்துவிடுங்கள். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள். காரீயத் துண்டைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் மற்ற வேலை.

இரண்டு எச்சரிக்கை. உள்ளே ஈயம் பூசிய பாத்திரமானால் இந்தச் சூட்டில் பூச்சு உருகி வழியும்; பிறகு புதிதாகப் பூசத்தான் வேண்டும். ஈயப் பற்று (வெள்ளீயமும் காரீயமும் கலந்தது) வைத்த காது, மூக்கு ஏதாவது இருந்தால் அது இன்னும் முன்னாலேயே, 190 டிகிரியை ஒட்டி, கழன்று விழும்.

தளர்த்திய பிறகு, பென்சிலால் குறித்த முனைகளில் 2 மில்லிமீட்டர் துளை போடுங்கள். கூரான முனைதான் விரிசலை மேலும் ஓட்டுவது. துளையின் வட்டத்தில் வந்து நின்றுவிடும். அதற்கப்புறம் பட்டறையில் வெள்ளிப் பற்றாசு (உருக்கி ஒட்டும் வெள்ளிக் கலவை) வைக்கச் சொல்லுங்கள். பித்தளைப் பற்றாசு உருகும் சூட்டுக்கும் தவலையே உருகும் சூட்டுக்கும் இடைவெளி ஐம்பது டிகிரிகூட இருக்காது. கைதேர்ந்தவர் அல்லாதவர் கையில் ஓட்டை பெரிசாகும். வெள்ளிப் பற்றாசு 700 டிகிரிக்குள் ஓடும். காட்மியம் கலக்காதது வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். கலந்ததன் புகை விஷம்.

ஒன்று வெடித்தால் அதோடு ஒரே சீரில் வந்த மற்றவையும் அதே கையால், அதே தகட்டில் செய்தவையாக இருக்கும். அவற்றையும் தளர்த்தி வையுங்கள். கூரையில் வௌவாலை வைத்துக்கொண்டு அடுத்த வருஷமும் அதே அறையில் அடுக்கினால் இத்தனை பாடும் வீண். கவிழ்த்து வைக்கும்போது நேராகத் தரையில் வைக்காமல் இரண்டு மரச் சட்டத்தின் மேல் வைத்தால் உள்ளே காற்று ஓடும்.

அறிகுறி: ஒடுக்கு எடுக்கும்போது சுத்தி துள்ளுகிறது, அல்லது ஒடுக்கின் ஓரம் கீறுகிறது

ஒடுக்கு விழுந்த இடம் ஏற்கெனவே இறுகியிருக்கிறது. அதை மறுபடி அடித்தால் இன்னும் இறுகும். மூன்றாவது நான்காவது அடியில் சுத்தி கையில் எதிர்த்துத் துள்ளினால் உலோகம் ‘போதும்’ என்கிறது என்று அர்த்தம். அதையும் மீறி அடித்தால் மடிப்பின் ஓரத்தில் முடிக்கீறல் விழும்.

பட்டறையில் கொடுப்பதாக இருந்தால் ஒரு வார்த்தை சொன்னால் போதும்: “அண்ணே, காய்ச்சிட்டு ஒடுக்கு எடுங்க. ஈயம் போனாப் போகுது, திரும்பப் பூசிக்கலாம்.” ஈயம் கெடக் கூடாது என்று நாம் சொல்வோமோ என்று பயந்துதான் பாதிப்பேர் குளிரிலேயே அடிக்கிறார்கள்.

நீங்களே செய்வதானால் பொழுது சாயும் நேரத்தில் ஆரம்பியுங்கள். பட்டப்பகலில் பித்தளையின் சிவப்பு தெரியாது. தெரியும்போது வேலை கெட்டிருக்கும். ஒடுக்கையும் அதைச் சுற்றி நான்கு விரல் அகலத்தையும் எரிவாயு ஊதுகுழலால் அல்லது ஊதின கரியால் சூடாக்குங்கள். சுடரை ஒரே இடத்தில் நிறுத்தாமல் கோலம் போடுகிற மாதிரி சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் மஞ்சள் கருகி வைக்கோல் நிறமாகும், பிறகு கத்தரிப்பூ, பிறகு மங்கிய சாம்பல். அதற்கும் பிறகு, நிழலில் உற்றுப் பார்த்தால், அணையப் போகிற ஊதுபத்தி நுனி போல ஒரு மங்கல் சிவப்பு. 525 டிகிரியை ஒட்டித்தான் இருட்டில் இந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். பித்தளை இளகுவதற்கு அது தாராளம். அந்த நிறத்தில் அரை நிமிஷம், பிறகு சுடரை விலக்கிவிடுங்கள்.

இரும்புக்குப் பழகினவர்கள் இங்கே தப்பாக நினைப்பது ஒன்று உண்டு. சுடச் சுடத் தண்ணீரில் போட்டால் இறுகிவிடும் என்பது இரும்பின் குணம். தகட்டுப் பித்தளை தண்ணீரில் போட்டாலும் இளகியேதான் இருக்கும். காற்றில் ஆறவிட்டாலும் அப்படியே. தண்ணீரில் போட்டால் கறுப்புச் செதில் கொஞ்சம் உதிரும், அவ்வளவுதான். ஆனால் காது, அடி வளையம் என்று கனமும் மெல்லிசும் ஒட்டியிருக்கிற பாத்திரத்தை ஆறவிடுவதே நல்லது. சூடு ஒரே சீராக இறங்காமல் மூட்டு இழுக்கும்.

கறுப்பு போக, ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்துக் கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். கறுப்போடு அடித்தால் அது தகட்டுக்குள் பதிந்துவிடும்.

இனி அடி. மரச் சுத்தி, அல்லது கொம்புச் சுத்தி. இரும்புச் சுத்தி தகட்டை நசுக்கி மெல்லிசாக்கும். ஒடுக்கு எடுப்பதற்குப் பதில் வயிறு வீங்கும். வளைந்த தலையுள்ள இரும்புக் கம்பை உள்ளே கொடுத்து, அதன் வளைவு பாத்திரத்தின் வளைவுக்குச் சற்றுச் சின்னதாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, ஒடுக்கின் வெளி ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்கு வாருங்கள். நடுவில் முதல் அடி போட்டால் சுற்றிலும் புது மடிப்பு விழும். அதை எடுப்பது முதல் ஒடுக்கைவிடக் கஷ்டம். சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அடியுங்கள். இளகின தகடு ‘தப்’ என்று சொல்லும். அது ‘டங்’காக மாறியதும் நிறுத்தி, திரும்பக் காய்ச்சுங்கள். ஆழமான ஒடுக்குக்கு மூன்று தடவை காய்ச்ச வேண்டிவரும். வேலை முடிந்ததும் மேலே சொன்ன 250–300 டிகிரி தளர்த்தல் ஒரு தடவை. கடைசியாக அடித்த அடியின் இறுக்கத்தை உள்ளே விட்டுவிட்டால் அதுதான் அடுத்த மழைக்கு வெடிப்பது.

வாய் விளிம்பிலோ வயிற்றிலோ எழுத்து வெட்டியிருந்தால், சீர் கொண்டுவந்த ஆச்சி வீட்டு முதலெழுத்து அது, அந்த இடத்துக்குக் கம்பையும் சுத்தியையும் கொண்டுபோகாதீர்கள். எழுத்தின் பள்ளம்தான் தகட்டின் மிக மெல்லிய இடம். பக்கத்திலிருந்து கட்டை வைத்துத் தள்ளி எடுக்கலாம்.

அதிகமாகக் காய்ச்சிவிட்டால் இரண்டு அடையாளம். அடித்து நீட்டும்போது மேற்பரப்பு நாரத்தங்காய்த் தோல் போலச் சொரசொரக்கும். உலோகத்துக்குள் இருக்கும் நுண்மணிகள் பெருத்துவிட்டன என்று அர்த்தம். தேய்த்தால் பளபளப்பு வரும், பழைய உறுதி வராது. இன்னொன்று வெள்ளைப் புகை. துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும். புகை எழுந்தால் பித்தளையிலிருந்து அது ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கமும் உடம்பு வலியும் வரும். பால் குடித்தால் சரியாகும் என்பதை நம்ப வேண்டாம். சுடரை நிறுத்திக் காற்றோட்டத்துக்கு வாருங்கள். மூச்சு இழுத்தாலோ காய்ச்சல் அடுத்த நாளும் நீடித்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

அறிகுறி: மூடி ஏறவில்லை, அல்லது ஏறினால் இறங்கவில்லை

முதலில் குற்றம் யார் பக்கம் என்று பாருங்கள். மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். பாத்திரத்தின் ஒரே இடத்தில் மாட்டினால் வாய் கோணல். மாட்டும் இடம் மூடியோடு கூடவே சுற்றினால் மூடி கோணல். எங்கேயும் சேரவில்லை என்றால் அது இந்தப் பாத்திரத்தின் மூடியே இல்லை. பாகப் பிரிவினையில் தவலை ஒரு வீட்டுக்கும் மூடி இன்னொரு வீட்டுக்கும் போனது செட்டிநாட்டில் ஒன்றும் அதிசயம் இல்லை. இரண்டிலும் வெட்டிய எழுத்தைப் படித்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

வாய் கோணல் என்றால் ஒரு மூங்கில் சிம்பை வாயின் குறுக்கே நான்கு திசையில் வைத்துக் கத்தியால் அடையாளம் போடுங்கள். அதிக நீளத்துக்கும் குறைந்த நீளத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் திருப்ப வேண்டியது. நீளமான திசையில் இரண்டு பக்கமும் துணி சுற்றிய பலகை வைத்து அழுத்துங்கள். பித்தளை அழுத்தினது அத்தனையும் தங்காது. விட்டதும் கொஞ்சம் பின்னால் போகும். 8 மில்லிமீட்டர் கோணல் என்றால் ஒரே அழுத்தில் எடுக்கப் பார்க்காமல், தடவைக்கு இரண்டு மில்லிமீட்டர் தங்கும்படி அழுத்தி, ஒவ்வொரு தடவையும் சிம்பால் அளந்து, திசையை லேசாக மாற்றி அழுத்துங்கள். விளிம்பில் கம்பி வைத்து மடித்திருந்தால் அது எதிர்க்கும். எதிர்க்கிறது என்பதற்காக விளிம்பைக் காய்ச்சாதீர்கள். விளிம்பின் இறுக்கம்தான் வாயை வட்டமாகப் பிடித்து வைத்திருக்கிறது. மடங்கின இடம் ஒன்றை மட்டும் காய்ச்சித் திருப்பினால் போதும்.

மூடி சின்னதாக இருந்தால் பெரிசாக்கலாம். மூடியின் இறங்கு விளிம்பை உருண்டை இரும்பின் மேல் வைத்து, சுற்றிலும் ஒரே சீராக, லேசான அடியாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். தகடு மெலிந்து சுற்றளவு நீளும். கணக்கு எளிது. விட்டம் 1 மில்லிமீட்டர் கூட வேண்டுமானால் சுற்றளவு 3.14 மில்லிமீட்டர் கூட வேண்டும். 20 சென்டிமீட்டர் மூடியின் சுற்றளவு 628 மில்லிமீட்டர். நூற்றில் அரைப் பங்கு நீட்டினாலே அந்த ஒரு மில்லிமீட்டர் கிடைத்துவிடும். அதனால்தான் ‘இன்னும் ஒரு சுற்று’ என்று அடித்தவர்கள் தொளதொளத்த மூடியோடு நிற்கிறார்கள். ஒரு சுற்று, வைத்துப் பார், பிறகு அடுத்த சுற்று. பெருத்ததைச் சுருக்குவது வீட்டு வேலை அல்ல.

அறிகுறி: அடியிலோ மூட்டிலோ கசிவு

மண்ணெண்ணெய்ச் சோதனையில் ஈரம் எப்படி வருகிறது என்பதே விடை. பல் பல்லாகக் கோத்த பழைய மூட்டின் வழியே கோடாக வந்தால் பற்றாசு விட்டிருக்கிறது. காதின் ஆணியைச் சுற்றி வட்டமாக வந்தால் ஆணி தளர்ந்திருக்கிறது. உள்ளே இரும்பு முட்டுக் கொடுத்து வெளியே இரண்டு அடி அடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

புள்ளி புள்ளியாக வந்தால்தான் கவலை. அந்த இடத்தைத் துலக்கிப் பாருங்கள்: மஞ்சளுக்கு நடுவில் செம்பு நிறத்தில் பொட்டுகள் இருக்கும். உப்புத் தண்ணீர் நாள்கணக்கில் நின்றதில் துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் பஞ்சு போல மிஞ்சியிருக்கிறது. குண்டூசியால் குத்தினால் உள்ளே இறங்கும். அந்த இடத்தில் பற்றாசு பிடித்த மாதிரி இருக்கும், பிடிக்காது. பஞ்சின் மேல் ஒட்டியதுதான். பொட்டுகளைச் சுற்றி நல்ல மஞ்சள் தெரியும் வரை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டுத் தகடு வைக்க வேண்டும். அடி முழுக்கப் பொட்டென்றால் அடியையே மாற்றச் சொல்லுங்கள்.

மூட்டு வேலையில் ஒரு கண்ணி இருக்கிறது. முன்னால் யாராவது காரீயம் கலந்த பற்று வைத்து அடைத்திருப்பார்கள். அதைச் சுரண்டாமல் வெண்காரம் (போராக்ஸ்) தூவி மேலே சூடு ஏற்றினால் காரீயம் பித்தளைக்குள் ஊறித் தின்றுவிடும். ஊசித்துளை அரிசியளவு ஓட்டையாகும். மங்கிய சாம்பல் நிறத்தில், கத்தி நுனிக்கு மெழுகு போல வழித்துக்கொண்டு வந்தால் அது காரீயப் பற்று. முழுக்க வழித்து, அரம் போட்டு, மஞ்சள் தெரிந்த பிறகுதான் நெருப்பு. சமைக்கிற, குடிக்கிற பாத்திரத்தில் காரீயம் எந்த இடத்திலும் இருக்கக் கூடாது.

அறிகுறி: துலக்கியதும் ரோஜா நிறம்

புளிக் கரைசலில் இராத்திரி முழுக்க ஊறப்போட்டீர்களா, இரும்புச் சட்டியில் ஊறப்போட்டீர்களா, இரும்பு நாரால் தேய்த்தீர்களா என்று பாருங்கள். புளிப்பில் கரைந்த செம்பு, இரும்பு பக்கத்தில் இருந்தால் திரும்பிப் பித்தளை மேலேயே படியும். மேல்தோலோடு சரி, சலித்த செங்கல் பொடியும் எலுமிச்சையும் வைத்துத் தேய்த்தால் போய்விடும். போகாமல் பொட்டாக நின்றால் மேலே சொன்ன பஞ்சு வியாதி.

அறிகுறி: குத்துவிளக்கின் தண்டு திருகு கழலவில்லை

வருஷக்கணக்கான எண்ணெய் பிசினாகியிருக்கிறது. கொதிக்கக் கொதிக்க இல்லாமல் கை பொறுக்காத வெந்நீரில் அரை மணி, பிறகு மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு. தோல் வாரைச் சுற்றித் திருகுங்கள். ஊதுகுழல் வேண்டாம், விளக்கு வார்ப்பு என்பதை மறக்க வேண்டாம்.

அறிகுறி: ஈயம் பிடிக்கவில்லை, பிடித்தது நிற்கவில்லை

ஈயம் துளித்துளியாகத் திரண்டு ஓடினால், ஒன்று எண்ணெய்ப் பிசுக்கு, அல்லது சூடு பத்தவில்லை. காய்ந்த நவச்சாரத்தைத் தூவி, ஈயக் கம்பியைத் தேய்த்து, பஞ்சால் துடைத்தால் ஒரே வீச்சில் வெள்ளியாய்ப் பரவ வேண்டும். பரவிய இடம் மஞ்சளடித்துத் திரும்பக் காட்டினால் சூடு மிஞ்சிவிட்டது. பூசின பிறகு சாம்பல் நிறமாக இருந்து, வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் கோடு போல விழுந்தால், கலந்திருப்பது காரீயம், அதில் சமைக்காதீர்கள். சுத்த வெள்ளீயக் கம்பி தாளில் அப்படி எழுதாது. காதருகே வைத்து வளைத்தால் நறநறவென்று சத்தம் போடும். ஈயக்காரர் வந்து உட்கார்ந்ததும் கம்பியை வாங்கி வளைத்துப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

நன்றாகப் பூசியது சமையலில் கொப்புளித்தால் தண்ணீர் வற்றின பிறகும் அடுப்பில் இருந்திருக்கிறது. 232 டிகிரிதான் அதன் எல்லை. தாளிப்பு எண்ணெய் அதைத் தொட்டுவிடும். தாளிப்பை இரும்புக் கரண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். நாள்பட ஈயம் மங்குவது குற்றமல்ல. உள்ளே மஞ்சள் தெரிந்தால்தான் ஈயக்காரரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து பூசும் வரை அதில் புளியும் மோரும் வைக்காதீர்கள்.

பூசிக்கொண்டிருக்கும்போதே ‘டிக்’ என்று ஒரு சத்தம், பிறகு கோடு? ஒடுக்கு எடுத்துத் தளர்த்தாமல் நேராக ஈயத்துக்குக் கொண்டுவந்த பாத்திரம் அது. இறுக்கம் உள்ள பித்தளையின் மேல் உருகின ஈயம் பட்டால் அதுவே விரிசலுக்குள் ஆப்பு மாதிரி இறங்கும். ஒடுக்கு, தளர்த்தல், பற்றாசு, ஈயம்: இந்த வரிசை மாறக் கூடாது.

ஈயம் பூசி ஒரு மாதத்துக்குள் மூட்டிலும் விளிம்பு மடிப்பிலும் பச்சை பூத்தால், அது நவச்சாரத்தின் மிச்சம். நவச்சாரம் என்பதே அம்மோனியா அடங்கிய உப்பு. வௌவாலை விரட்டி, தளர்த்தி, பற்றவைத்து, கடைசியில் மடிப்புக்குள் நாமே அம்மோனியாவை வைத்து மூடுகிறோம். பூசின அன்றைக்கே கொதிநீர் விட்டு இரண்டு தடவை அலசுங்கள். விளிம்பு மடிப்புக்குள் பழைய பல் துலக்கும் தூரிகையை ஓட்டுங்கள். கடைசி அலசு நீரில் கால் தம்ளர் கண்ணாடித் தம்ளரில் எடுத்து, பாத்திரத்தைவிட்டுத் தள்ளி வந்து, வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு புளியங்கொட்டை அளவு போட்டுக் கலக்கி முகருங்கள். மூக்கில் சுருக்கென்று ஏறினால் உள்ளே இன்னும் இருக்கிறது. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி கொதிநீர். ஒன்றும் ஏறாத தம்ளர் வந்த பிறகு பாத்திரத்தை வெயிலில் கவிழ்க்கலாம்.